பூசணி வண்டை இனங்காண்போம்

(கமக்காரர் பயிற்சி வகுப்பொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



இன்று உங்களுடன் பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சிறு வண்டு. அதன் நீளம் ஒரு நெல்மணியின் நீளத்தைத் தாண்டாது. எனினும் பூசணி, வெள்ளரி, வத்தகை, கெக்கரி, சுரை, பீர்க்கு, புடோல் முதலிய கொடிப் பயிர்களைச் செய்கை பண்ணும் எவரும் அதனை அறியாதிருத்தல் இயலாது. சிவந்த நிறமுடைய இவ்வண்டைச் சிலர் சிவப்பு வண்டு என்பர். சிலர் பூசணி வண்டு என்பர். "இதைத்தான் நாங்கள் நாள்தோறும் காண்கிறோமே, இதற்கு ஒரு பேச்சு வேண்டுமோ?" என்று நீங்கள் எண்ணக்கூடும். காண்பது வேறு, இனங்காண்பது வேறு. இவ்வேறுபாட்டை நான் கற்றது விவசாயப் பாடசாலையில் அன்று; ஒரு தாயாரின் தோட்டத்திலேயாகும். அதனை முதலிற் கூறிவிடுகிறேன்.

நான் செய்த பிழை

நான் பயிற்சி முடித்துப் போதனாசிரியராகக் கடமையேற்ற இரண்டாம் ஆண்டில் இது நிகழ்ந்தது. காலபோக நெல் அறுவடையான வயலிலே அரை ஏக்கர் அளவில் வெள்ளரியும் வத்தகையும் இட்டிருந்தார் ஒரு தாயார். கொடிகள் ஒரு முழம் ஓடிய பருவத்தில் அவை நண்பகலில் வாடத் தொடங்கின. என்னை அழைத்துக் காட்டினார். நான் இலைகளைப் பார்த்தேன். ஆங்காங்கே வட்டமான துளைகள் இருந்தன. சிவப்பு வண்டுகள் சில பறந்தன. "வண்டு சொற்பமாகத்தான் இருக்கிறது, இலைக்கு மருந்து தெளியுங்கள். வாட்டம் நீர்க்குறைவினால் வந்தது, ஒரு நீருக்கு இரு நீர் விடுங்கள்" என்று கூறி வந்துவிட்டேன்.

அவர் அவ்வாறே செய்தார். பத்து நாட்களுள் கொடிகளில் மூன்றிலொரு பங்கு பட்டுப்போயிற்று. அவர் ஒரு கொடியை வேரோடு கெல்லி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, நீங்கள் இலையைத்தான் பாத்தியள். வேரை ஒருக்காப் பாருங்கோ" என்றார். வேரைப் பிளந்து பார்த்தேன். உள்ளே வெண்ணிறமான புழுக்கள் துளைத்து உண்டுகொண்டிருந்தன. இலையின்மேற் பறந்த சிவப்பு வண்டின் பிள்ளைகளே அப்புழுக்கள். வண்டைக் கண்டேன், அது எவ்வினத்தைச் சார்ந்தது, அவ்வினத்தின் புழு எங்கே வாழும் என்பதை எண்ணிப் பார்த்தேனல்லேன். அந்தப் போகத்தில் அத்தாயார் விதைக்கும் பசளைக்கும் இட்ட பணம்கூட மீளவில்லை. பிழை என்னுடையது, நட்டமோ அவருடையது.

அன்றுமுதல் எத்தோட்டத்துக்குச் சென்றாலும் மருந்தின் பெயரைக் கூறுமுன் பூச்சியின் பெயரைத் தேடுவதை வழக்கமாக்கிக் கொண்டேன். அவ்வழக்கத்தை உங்களுக்கும் கற்பிப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

வண்டின் உருவம்

அதிகாலையில், பனி உலருமுன், தோட்டத்துக்குச் செல்லுங்கள். அவ்வேளையில் இவ்வண்டு குளிரினால் மந்தமாக இருக்கும், எளிதிற் பிடிக்கலாம். ஒன்றைப் பிடித்து வெண்ணிறக் கண்ணாடிப் போத்தல் ஒன்றிலிட்டு வெளிச்சத்திலே நோக்குங்கள். கைவில்லை ஒன்று இருந்தால் நன்று.

நீளம் 6 முதல் 8 மில்லிமீற்றர். உடல் நீண்ட முட்டை வடிவானது. மேற்புறம் முழுவதும் செம்மஞ்சள் கலந்த சிவப்பு நிறமாகப் பளபளக்கும். அதிலே புள்ளி எதுவும் இராது. போத்தலைத் திருப்பி அடிப்புறத்தை நோக்கினால் மார்பின் பின்பகுதியும் வயிறும் கறுப்பாக இருக்கும். அக்கறுப்பின்மேல் மென்மையான வெண்மயிர் படர்ந்திருக்கும். மேலே சிவப்பு, கீழே கறுப்பு. இஃது இவ்வண்டின் முதல் அடையாளம்.

தலைக்கும் சிறகுக்கும் இடையே கழுத்துக் கவசம் போன்றதொரு தகடு உண்டு. அத்தகட்டின் குறுக்கே ஏர் உழுத சால் போன்ற ஒரு பள்ளம் ஓடும். இஃது இரண்டாம் அடையாளம்.

உணர்கொம்புகள் இரண்டும் நூல் போல மெலிந்து நீண்டிருக்கும். உடலின் நீளத்திற் பாதிக்கு மேல் எட்டும். அவற்றின் நுனி தடித்திராது. இது மூன்றாம் அடையாளம். மிக முக்கியமானதும் இதுவே. ஏனென்பதைப் பின்னர்க் கூறுவேன்.

குலமும் குடும்பமும்

வகைபிரித்தல் என்றால் படித்தவர்களின் வேலை என எண்ணி ஒதுங்க வேண்டாம். மொட்டைக்கறுப்பனையும் பச்சைப்பெருமாளையும் நெல்லைக் கண்டதும் பிரித்தறிந்தவர்கள் உங்கள் பாட்டன்மார். ஒத்தவற்றை ஒன்று சேர்த்து, வேறுபட்டவற்றைப் பிரித்து வைப்பதே வகைபிரித்தல். பூச்சி நூலோரும் அதனையே செய்கின்றனர்.

ஒரு மனிதரை அறிவதற்கு அவருடைய ஊர், குடும்பம், பெயர் ஆகியவற்றைக் கேட்கிறோம். வண்டுக்கும் அவ்வாறே. முன்சிறகு இரண்டும் தடித்து ஓடு போலாகி, பின்சிறகுகளை உறையெனக் காக்கும் பூச்சிகள் அனைத்தும் வண்டு வருணத்தைச் சேர்ந்தவை. உலகிலே இதுவரை பெயரிடப்பட்ட வண்டினங்கள் ஏறக்குறைய 4 இலட்சம். இஃது ஊர். அவ்வூரிலே இலைவண்டுக் குடும்பம் என ஒன்று உண்டு. நூலோர் அதனைக் கிறைசோமெலிடே என்பர். 35,000 இனங்களுக்கு மேற்பட்டவை அக்குடும்பத்தில் உள்ளன. அவற்றில் ஏறக்குறைய யாவும் பச்சையுண்டு வாழ்வன. ஒவ்வோர் இனமும் தனக்கென ஒரு செடியையோ ஒரு செடிக் குடும்பத்தையோ பற்றிக்கொள்வது பெரும்பாலான வழக்கம். கைவில்லையால் இவற்றின் பாதத்தை நோக்கினால் நான்கு கணுக்கள் தோன்றும். மூன்றாவது கணு இரு பிளவாக விரிந்து, வழுவழுப்பான இலையிலும் பற்றி நிற்க உதவும்.

அக்குடும்பத்துள் நமது வண்டின் வீட்டுப் பெயர் அவுலக்கோபோரா. சாலைத் தாங்கியது என்பது அதன் பொருள். கழுத்துத் தகட்டின் குறுக்கே ஓடும் பள்ளத்தை நினைவுகொள்க. அதன் சொந்தப் பெயர் போவெயிக்கொல்லிசு. குழிந்த கழுத்துடையது என்று பொருள். ஆகவே அவுலக்கோபோரா போவெயிக்கொல்லிசு என்பது முழுப் பெயராகும். விலங்குகளுக்கு இவ்வாறு இரு சொற்களாற் பெயரிடும் முறையைச் சுவீடன் நாட்டு அறிஞர் இலின்னேயசு 1758ஆம் ஆண்டிலே நிலைநாட்டினார். நமது வண்டை முதன்முதலில் விவரித்துப் பெயரிட்டவர் பிரான்சு நாட்டவரான இலூக்காசு; ஆண்டு 1849. அவர் கண்டது வட ஆபிரிக்காவின் அல்சீரியாவிற் பிடிக்கப்பட்ட வண்டை. மத்தியதரைக் கடற் கரைகளிலிருந்து இந்தியா, இலங்கை வரையும் அதற்கப்பாலும் பரந்து வாழ்வது இவ்வினம். பழைய நூல்களில் இதனை இரபிடோபல்பா போவெயிக்கொல்லிசு என எழுதியிருப்பதைக் கண்டால் மயங்க வேண்டாம், வண்டு ஒன்றே. வீடு மாறியதனால் வீட்டுப் பெயர் மாறியது. சொந்தப் பெயர் மாறவில்லை. உடல் சிவப்பாகவன்றிச் சிறகு கருநீலமாகவுள்ள நெருங்கிய உறவினமும் அதே வீட்டில் உண்டு. அதுவும் கொடிப் பயிர்களையே நாடும்.

இப்பெயர்களை நீங்கள் மனனம் செய்யவேண்டியதில்லை. ஆயினும் ஒன்றை மட்டும் மனத்திற் பதிக்க வேண்டும். வீடு தெரிந்தால் பழக்கம் தெரியும். இவ்வீட்டுப் பிள்ளைகள் யாவும் மண்ணுக்குள்ளே வேரை உண்டு வளர்வன.

மயங்கக்கூடிய மூன்று வண்டுகள்

பெயர் அறியாமையால் வரும் கேடு இரண்டு. பகையை விட்டுவிடுவது ஒன்று. நட்பைக் கொல்வது மற்றொன்று. ஆகவே நமது வயலிலும் தோட்டத்திலும் காணப்படும் வேறு மூன்று வண்டுகளையும் இத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, புள்ளி இலைவண்டு. கத்தரியிலும் பாகலிலும் இலையின் பச்சையைச் சுரண்டி, நரம்பை வலை போல எஞ்சவிடுவது இது. அரைக்கோள வடிவமும், மங்கிய செங்கபில நிறமும், கறுப்புப் புள்ளிகளும் உடையது. புள்ளிகள் 28 உள்ள இனமே பெரிதும் காணப்படும். இலையை உண்பதனால் இதனையும் இலைவண்டுக் குடும்பத்தது என எண்ணத் தோன்றும், அஃது அன்று. இதன் உணர்கொம்பு குட்டையானது. நுனி தடித்துக் குண்டாந்தடி போன்றது. இது பொறிவண்டுக் குடும்பத்திற் பிறந்து, இறைச்சியை விட்டு இலையை உண்ணத் தலைப்பட்ட பிள்ளை. இதன் புழு மஞ்சள் நிறமானது. உடலெங்கும் கிளைத்த முட்கள் நிற்கும். அஃது இலையின் மேலேயே வெளிப்படையாக வாழும். முட்டைகளும் மஞ்சள் நிறமாக, இலையின் அடிப்புறத்திலே கூட்டமாக நிமிர்ந்து நிற்கும். ஆகவே இதற்கு வேரைத் தோண்டவேண்டியதில்லை. இலையைத் திருப்பிப் பார்த்து முட்டையையும் புழுவையும் நசுக்கினாற் போதும்.

இரண்டாவது, நெல்லின் முள்வண்டு. ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் நீளமுடையது, கருநீல நிறமானது, முதுகெங்கும் முள் நிறைந்தது. 1808ஆம் ஆண்டில் ஒலிவியே என்னும் பிரான்சு நாட்டறிஞர் இதற்குப் பெயரிட்டார். பார்வைக்கு யாதோர் ஒற்றுமையும் இல்லாவிடினும் இது பூசணி வண்டின் குடும்பத்ததே. ஆனால் வீடு வேறு. இதன் புழு மண்ணுக்குட் செல்லாது. நெல்லிலையின் இரு தோல்களுக்கும் இடையே புகுந்து உண்ணும். வளர்ந்த வண்டு இலையின் மேற்பரப்பை நீளவாக்கிற் சுரண்டுவதனால் வெண்கோடுகள் தோன்றும். முட்டைகள் பெரும்பாலும் இலை நுனியருகே இடப்படுவதால், நாற்றுப் பிடுங்கி நடுவோர் நுனியைக் கிள்ளி அழித்துவிட்டு நடுதல் பயன்தரும். யூரியாவை அளவுக்கு மீறி இடுவது இவ்வண்டை விருந்துக்கு அழைப்பது போன்றதாகும்.

மூன்றாவது, நமது நண்பனாகிய பொறிவண்டு. அழுக்கணவனையும் சிறு பூச்சிகளையும் உண்டு பயிரைக் காப்பது இதுவே. சிவப்பு நிறத்தைக் கண்டு மருந்தடிக்க முற்படுவோர் பலர். போத்தலிலிட்டு நோக்குங்கள். உணர்கொம்பு குட்டையா, நீண்டதா? நீண்டு நூல் போன்றிருந்தால் இலைவண்டு. குட்டையாக நுனி தடித்திருந்தால் பொறிவண்டுக் குடும்பம். பின்னர் முதுகை நோக்குங்கள். மெல்லிய மயிர் படர்ந்து மங்கலாக இருப்பின் அது பெரும்பாலும் இலையுண்ணும் புள்ளி வண்டு. எண்ணெய் பூசியது போலப் பளபளப்பின் அது பெரும்பாலும் நண்பன். உணர்கொம்பு மூன்றாம் அடையாளம், மிக முக்கியமானது என முன்னர்க் கூறியது இதனாலேயாம்.

ஆக, நால்வகை வண்டுகளுள் நண்பனை விட்டு எஞ்சிய மூன்றின் பிள்ளைகளும் மூன்றிடங்களில் வளர்கின்றன. ஒன்று மண்ணுள், ஒன்று இலைமேல், ஒன்று இலையுள். பகை எங்கே ஒளிந்திருக்கிறது என அறியாது மருந்து தெளித்தல், திருடன் பின்வளவில் நிற்க முன்வாயிலைப் பூட்டுவதை ஒக்கும்.

பூசணி வண்டின் வாழ்க்கை

பெண்வண்டு செடியின் அடியிலே ஈரமண்ணில் முட்டையிடும். தன் வாழ்நாளில் அது சில நூறு முட்டைகளை இடவல்லது. 6 முதல் 15 நாட்களில் முட்டை பொரிக்கும். வெளிவரும் புழு கபிலத் தலையும் வெண்மஞ்சள் உடலும் உடையது. அது வேரிலும், மண்ணுக்குள் அமைந்த தண்டிலும், மண்ணைத் தொட்டுக் கிடக்கும் காயிலும் துளைத்து உண்ணும். துளைத்த இடம் அழுகும். 13 முதல் 25 நாட்களில் அது முற்றி, மண்ணுக்குள்ளே ஒரு சிறு அறை செய்து கூட்டுப்புழுவாகி, 7 முதல் 17 நாட்களின் பின்னர் வண்டாக வெளிவரும். கூட்டிப் பாருங்கள்: விரைவானால் 26 நாள், தாமதித்தால் 57 நாள். ஆகவே கொடி நட்டுக் காயாய்ந்து முடிவதற்குள் ஒரு தலைமுறைக்கு மேல் தோன்ற இடமுண்டு.

வளர்ந்த வண்டு முளைத்த இளஞ்செடியையே பெரிதும் விரும்பும். வித்திலை இரண்டையும் அது தின்றுவிட்டாற் செடி மீளாது. வளர்ந்த இலையில் முதலில் ஒரு வட்டத்தை வெட்டி, அதன்பின் அவ்வட்டத்தின் உட்பகுதியை உண்ணும் பழக்கமும் இவ்வீட்டு வண்டுகளிடம் காணப்படும். வட்டத்தை வெட்டியதும் இலையின் சாறு உள்ளே ஓடிவருவது தடைப்படும். பூசணிக் குடும்பத்துச் செடிகளில் குக்குபிற்றசின் என்னும் கைப்புப் பொருள் உண்டு. பிற பூச்சிகள் பலவற்றை விரட்டும் அப்பொருளே இவ்வண்டை அழைத்து வருகின்றது. பாகலும் கைக்குமே எனக் கேட்பீர்கள். பாகலின் கைப்பு வேறு பொருள்களால் உண்டாவது. பாகலை இவ்வண்டு மற்றவற்றைப் போல் விரும்பி உண்பதில்லை.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, கொடி நண்பகலில் வாடுமாயின் நீர் விடுமுன் ஒரு கொடியை மண்வெட்டியாற் கெல்லி எடுங்கள். பிடுங்கி எடுத்தால் வேர் மண்ணிலேயே தங்கிவிடும். வேரையும் அடித்தண்டையும் பிளந்து பாருங்கள். துளையும் வெண்புழுவும் காணப்பட்டால் அது பூசணி வண்டின் வேலை. துளையின்றித் தண்டின் உட்புறம் கபில நிறக் கீற்றுகள் மட்டும் இருப்பின் வாடல் நோய் என ஐயுறலாம். இரண்டும் இன்றி மண்ணும் உலர்ந்திருப்பின் அப்போதே நீர்க்குறைவு எனக் கொள்க. இவ்வொரு சோதனையை நான் அன்று செய்திருந்தால் அத்தாயாரின் தோட்டத்திற் பாதியையேனும் காத்திருக்கலாம்.

இரண்டாவதாக, காயாய்ந்து முடிந்த கொடிகளை வயலில் விட்டுவைக்காதீர்கள். உடனே அகற்றி அழித்து, நிலத்தை ஆழக் கொத்தியோ உழுதோ புரட்டிவிடுங்கள். மண்ணுள் உறங்கும் புழுவும் கூட்டுப்புழுவும் வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். இதற்குக் காசு வேண்டியதில்லை; ஆனால் இதற்கு ஈடான மருந்தும் இல்லை. காய்த்து ஓய்ந்த தோட்டத்துக்கு அருகே புதிய கொடி இடுவதையும் தவிர்த்தல் வேண்டும்.

மூன்றாவதாக, இளம்பருவத்தைக் காத்தல் வேண்டும். குழிக்கு இரண்டொரு விதை கூடுதலாக இட்டுப் பின்னர்க் களையலாம். சிறு பைகளில் நாற்றாக வளர்த்து வலை மூடிக் காத்து, நான்கைந்து இலை வந்தபின் நடுதல் இன்னும் நன்று. நட்ட செடியைப் பழைய நுளம்பு வலைத் துண்டினாலோ ஓலைக் கூடையினாலோ சில நாட்களுக்கு மூடலாம். பூக்கத் தொடங்குமுன் மூடியை எடுத்துவிடுதல் வேண்டும்.

நான்காவதாக, அதிகாலையிற் கையாற் பிடித்துச் சவர்க்கார நீரில் இடுங்கள். வீட்டுப் பிள்ளைகளும் இதிற் கைகொடுக்கலாம். பனி உலருமுன் இளஞ்செடியின்மேல் அடுப்புச் சாம்பலை மென்மையாகத் தூவினால் வண்டு அணுகுவது குறையும். மழை பெய்தால் மீண்டும் தூவவேண்டும். வேப்பம் பருப்பை இடித்து, லீற்றர் நீருக்கு 50 கிராம் வீதம் ஓர் இரவு ஊறவிட்டு வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து மாலையிற் தெளிக்கலாம். இது வண்டை விரட்டுமேயன்றி ஒரே நாளில் யாவற்றையும் கொன்றுவிடும் என எதிர்பார்க்க வேண்டாம்.

ஐந்தாவதாக, வத்தகை, பூசணி முதலிய காய்களின்கீழ் வைக்கோல் பரப்புங்கள். காய் மண்ணைத் தொடாவிடில் புழு காயிற் புகுவது குறையும்.

மருந்து பற்றி ஒரு சொல்

இவை யாவும் செய்தும் வண்டு மிகுந்தால் மட்டுமே பீடைநாசினியை நாடுங்கள். அதுவும் அயலவர் தந்த போத்தலோ, கடைக்காரர் கைகாட்டிய போத்தலோ ஆகக்கூடாது. நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டு, அப்பயிருக்கென விதந்துரைக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். உங்கள் கமநல சேவை நிலையத்துப் போதனாசிரியரிடம் வண்டைக் காட்டிக் கேளுங்கள். சிட்டையில் உள்ள அளவை மீறாதீர்கள். தெளித்தபின் காயாய்வதற்குக் குறித்த நாட்கள் கழியவேண்டும். இலைமேல் தெளித்த மருந்து வேருக்குள் இருக்கும் புழுவை எட்டாது என்பதையும் மறவாதீர்கள்.

பூசணியும் வெள்ளரியும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறாகப் பூப்பன. காலையில் விரியும் அப்பூக்களுக்குத் தேனீ வந்தாலன்றிக் காய் பிடிக்காது. காலையில் மருந்தடித்துத் தேனீயைக் கொன்றவர் தம் காயைத் தாமே கொன்றவராவர். தெளிக்க நேரின் பூ ஒடுங்கிய மாலை வேளையிலேயே தெளியுங்கள்.

முடிவுரை

நான் முன்னர்க் கூறிய தாயார் அடுத்த ஆண்டும் அதே வயலிற் கொடி இட்டார். அறுவடை முடிந்ததும் நிலத்தை ஆழக் கொத்திவித்து, வெயிலிற் காயவிட்டு, நாற்றுகளை வலைக்குள் வளர்த்து நட்டார். நான் போனபோது ஒரு போத்தலை எடுத்து வந்து காட்டினார். அதில் இரு வண்டுகள் இருந்தன. ஒன்று பூசணி வண்டு, மற்றது பொறிவண்டு. "தம்பி, இதிலை எது கள்ளன், எது காவல்காரன் எண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றார். உணர்கொம்பைப் பார்த்துச் சொன்னேன். "அப்ப நீங்களும் படிச்சிட்டியள்" என்று கூறிப் பொறிவண்டைக் கொடியின்மேல் விட்டார். அந்த ஆண்டு வண்டு முற்றாக இல்லாமற் போகவில்லை. ஆனால் கொடிகள் நின்றன, காய்த்தன.

அன்பர்களே, வீட்டுக்குச் சென்றதும் வெறும் போத்தல் ஒன்றைக் கழுவி வையுங்கள். நாளைக் காலை தோட்டத்துக்குப் போகும்போது அதனையும் கொண்டு செல்லுங்கள். பெயர் தெரியாத வண்டைக் கண்டால் தெளிகருவியை எடுக்குமுன் போத்தலை எடுங்கள்.



நினைவிற் கொள்ள வேண்டியவை

1. மேலே சிவப்பு, கீழே கறுப்பு, நூல் போன்ற நீண்ட உணர்கொம்பு: பூசணி வண்டு.
2. வண்டு இலையில், அதன் புழு வேரில்.
3. கொடி வாடினால் முதலில் வேரைக் கெல்லிப் பிளந்து பார்க்க.
4. காயாய்ந்து முடிந்ததும் கொடியை அகற்றி நிலத்தை ஆழப் புரட்டுக.
5. நான்கைந்து இலை வரும்வரை இளஞ்செடியை மூடிக் காக்க.
6. குட்டை உணர்கொம்பும் பளபளத்த முதுகும் உடைய பொறிவண்டைக் கொல்லாதீர்.
7. பூ விரிந்த காலையில் மருந்து தெளிக்காதீர்.